நடை பழகிய பிள்ளையுடன் இலையுதிர் காலமும் ஹலோவீனும்: ஆறு கிழமைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்றரை வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் முன்னால், ஒக்டோபர் 31 மாலையில் சிறுவர்கள் வேடமிட்டு வீடுவீடாகப் போய் இனிப்பு வாங்கும் ஹலோவீனை ஒரே இரவில் கொண்டுவந்து நிறுத்தினால், அது பெரும்பாலும் அழுகையில்தான் முடியும். நேற்றுவரை வெறும் புல்தரையாகக் கிடந்த அயல்வீட்டு முற்றத்தில் இன்று எலும்புக்கூடு நிற்கிறது. தெரிந்த அண்ணாமார் தெரியாத முகங்களோடு வருகிறார்கள். இருட்டிய பிறகு வெளியே போகக் கூடாது என்று சொல்லி வளர்த்த அம்மாவே இருட்டில் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று, முன்பின் அறியாதவர் வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் தருவதை வாங்கு என்கிறார். பெரியவர்களுக்கு விளையாட்டாகத் தெரிகிற இவை யாவும், பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் பக்குவம் வராத வயதில் ஒரேயடியாக வந்து விழுகின்றன.

அதே பிள்ளைக்கு, பூசணிக்காய் எந்த வயலில் கிடந்தது, அதன் வயிற்றுக்குள் என்ன இருந்தது, கண்ணும் வாயும் அதற்கு எப்படி வந்தன என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்குமானால், வாசலில் ஒளிர்கிற பூசணி முகம் பழகிய முகமாகிவிடும். இந்த வழிகாட்டி அந்த ஒரு வழியைத்தான் கடைசிவரை பின்பற்றுகிறது: செப்டெம்பர் நடுப்பகுதியில் தொடங்கி, ஏறத்தாழ ஆறு கிழமைகளில், ஒவ்வொரு பொருளும் உருவாவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் இடங்கொடுப்பது. நான் வாழ்வது ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் என்பதால், இங்கே வருகிற மரங்களும் திகதிகளும் குளிரும் தெற்கு ஒன்ராறியோவுக்கு உரியவை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மகளுக்கு இருபது மாதமாக இருந்தபோது, வேடம் வாங்குவதற்காக ஒரு பருவகாலக் கடைக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தேன். வாசலில் நின்ற பொம்மைப் பேய் ஆள் அசைவை உணர்ந்து கைகளை உயர்த்திக் கத்தியது. அதற்குப் பிறகு இரண்டு கிழமைகள், தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு எதைக் கண்டாலும் அவள் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் மெதுவாகவும் முன்கூட்டியும் செய்தோம். கீழே உள்ளவை அந்த ஆண்டின் படிகள்.

முதலாம் படி: ஒரு மரத்தைத் தெரிவுசெய்யுங்கள் (செப்டெம்பர் நடுப்பகுதி)

வீட்டிலிருந்து பிள்ளை நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு மரத்தை உங்கள் மரமாக்கிக்கொள்ளுங்கள். மேப்பிள் கிடைத்தால் நல்லது, ஏனெனில் அதன் நிறமாற்றம் கண்ணுக்கு எளிதில் தெரியும். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை அதே மரத்தடிக்குப் போய், ஓர் இலையை எடுத்து வந்து, குசினிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ‘பருவம்’ என்ற சொல்லை விளக்க முடியாது. ஆனால் பச்சையில் தொடங்கிய வரிசை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவப்பில் வந்து நிற்பதை அது விரலால் தொட்டுக்கொண்டே போகும். நிறங்களின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் நிறம் மாறுகிறது என்று மூத்த பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக: பகல் குறுகக் குறுக, இலைக்குப் பச்சை நிறத்தைத் தரும் பச்சையம் சிதைகிறது. கோடை முழுவதும் அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சளும் செம்மஞ்சளும் அப்போது வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படி மறைந்திருந்ததன்று. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அது இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாகிறது. அதனால்தான் வெயில் நிறைந்த பகலும் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வரும் ஆண்டுகளில் மேப்பிள் மரங்கள் கூடுதலாகச் சிவக்கின்றன. ஒரே இலையில் இதைக் காட்டலாம். நடுநரம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை இன்னும் விலகாமல் நிற்க, ஓரங்கள் மட்டும் சிவந்த இலைகள் ஒக்டோபர் முதற்கிழமையில் நிறையக் கிடைக்கும். அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பிள்ளை வாயைத் திறந்தபடி பார்க்கும்.

ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் உள்ள றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை; அங்கே ஒரு மணி நேரம் நடந்தாலே போதும். செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரை சல்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக ஹைலண்ட் கிறீக் ஓடையில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வரும். மோர்னிங்சைட் பூங்காவில் பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம். முழங்கை நீள மீன் ஒன்று ஆழமில்லாத தண்ணீரில் முதுகு தெரியத் துள்ளுவதைக் கண்ட பிள்ளை, வீட்டுக்கு வந்த பிறகும் நாள்முழுவதும் அதையே நடித்துக் காட்டும்.

இலைக் குவியலில் குதிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறேன். குவியல் வீதியோரத்தில் இருக்கக் கூடாது, ஏனெனில் உள்ளே பிள்ளை இருப்பது காரோட்டிக்குத் தெரியாது. குவியலை முதலில் ஒரு தடியால் கிளறிப் பார்க்க வேண்டும். விளையாடி முடிந்ததும் உண்ணி தேட வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி, வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும்வரை இலைக்குப்பைகளில் நடமாடும். தெற்கு ஒன்ராறியோவில் ஒக்டோபரும் அதன் காலந்தான். காதின் பின்புறம், தலைமயிர் ஓரம், அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களைக் குளிக்கவார்க்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். கருவாலிக் கொட்டைகளும் புல்தரைக் காளான்களும் வாய்க்குள் போய்விடக்கூடிய பொருட்கள். பையில் சேர்ப்பது உங்கள் கையாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: அப்பிள் தோட்டமும் பூசணி வயலும்

மார்க்கம், ஸ்டூவ்வில், மில்டன் பக்கங்களில் நாமே பறித்துக்கொள்ளும் பண்ணைகள் பல உள்ளன. வாரநாள் காலையில் போக முடிந்தால் அப்படியே செய்யுங்கள். சனி, ஞாயிறுகளிலும், ஒக்டோபரின் இரண்டாவது திங்களில் வரும் நன்றி நவிலல் விடுமுறையிலும், வரிசையில் நின்றே பிள்ளை களைத்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள்; சோள வயல் புதிர்ப்பாதை பெரிய பிள்ளைகளுக்கு உரியது, அதை விட்டுவிடலாம்.

செப்டெம்பரில் மக்கின்ரொஷ் அப்பிள் பழுத்திருக்கும். இந்த இனமே ஒன்ராறியோவின் சொத்து: 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் என்ற குடியேற்றக்காரர் கிழக்கு ஒன்ராறியோவின் டண்டெலாவில் தம் நிலத்தைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்தது அது. மரம் தாழ்வாக இருக்கும் இடத்தில் பிள்ளையை நிறுத்தி, பழத்தை இழுக்காமல் மேல்நோக்கித் திருப்பக் காட்டிக்கொடுங்கள். பறித்த பழத்தை அது அங்கேயே கடிக்க விரும்பும். பச்சை அப்பிள் துண்டு இந்த வயதில் தொண்டையில் அடைக்கக்கூடியது. ஆகவே துருவியோ, கடதாசி போல மெல்லியதாகச் சீவியோ, அவித்தோ கொடுங்கள். பண்ணையில் விற்கும் அப்பிள் சைடர் என்னும் சாறு பாச்சர் முறையில் சூடாக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிறுபிள்ளைக்கு அது வேண்டாம், நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு.

பூசணி வயலில் மூன்று காய்கள் வாங்குங்கள். ஒன்று, முகம் வெட்டுவதற்கான பெரிய காய். இரண்டாவது, ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரையான சமையல் பூசணி. பெரிய காய்கள் நீர்ப்பற்றும் நாருமாக இருக்கும், கறிக்கு ருசிக்காது. மூன்றாவது, பிள்ளை தன் இரண்டு கைகளாலும் தானே தூக்கக்கூடிய சிறு காய். இந்த மூன்றாவதுதான் முக்கியம். என் மகள் தன்னுடையதைப் போர்வையால் மூடி நித்திரையாக்கி, புட்டு ஊட்டி, மூன்று கிழமைகள் வளர்த்தாள். தோலில் நகம் பதியாமலும் காம்பு உறுதியாகவும் உள்ள காயைத் தெரிவுசெய்யுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது முறிந்து, அந்த இடத்திலிருந்து காய் அழுகத் தொடங்கும். வெட்டாத காய் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் கெடாமல் இருக்கும். உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பயத்துக்கு முன்கூட்டியே இடங்கொடுத்தல் (ஒக்டோபர் முதல் பாதி)

முதலில் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு பேச்சு வேண்டும். ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்’ என்ற வழக்கமான வாக்கியத்தை இந்த மாதம் முழுவதும், இயன்றால் என்றைக்குமே, நிறுத்திவிடச் சொல்லுங்கள். வீதியெங்கும் பேயுருவங்கள் நிற்கும் காலத்தில் அந்த வாக்கியம் பிள்ளைக்கு மெய்யாகிவிடும். சோற்றுக்குச் சொன்ன பொய் இரவில் நித்திரையைக் கெடுக்கும்.

‘இந்தப் பேய்ப் பண்டிகை எங்களுக்கு எதற்கு’ என்ற கேள்வியும் நம் வீடுகளில் வரும். அது நியாயமான கேள்விதான். ஹலோவீன் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பகுதிகளின் பழைய அறுவடைக்காலச் சடங்கிலிருந்தும், நவம்பர் 1இல் கிறித்தவர்கள் கொண்டாடும் புனிதர் அனைவர் திருநாளின் முன்னிரவிலிருந்தும் வளர்ந்தது. அங்கே தீய ஆவிகளை விரட்டுவதற்காக டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டினார்கள். அயர்லாந்துக் குடியேறிகள் வட அமெரிக்காவுக்கு வந்தபோது, இந்த மண்ணுக்கே உரிய பூசணி அந்த இடத்தைப் பிடித்தது. கட்டிமுடியாத வீட்டுக்குக் கண்ணூறு படாமல் வெருளி கட்டித் தொங்கவிடுவதும், புதுவீடு புகும்போது நீற்றுப்பூசணி உடைப்பதும் கண்டு வளர்ந்த நமக்கு, வாசலில் பயங்கர முகம் வைத்துத் தீமையை விரட்டும் எண்ணம் புதியதன்று. எங்கள் அம்மம்மா வீதிமுனை வீட்டின் வைக்கோல் பொம்மையைக் காட்டி, ‘இது எங்கட வெருளி, காகத்தை மட்டுந்தான் வெருட்டும்’ என்று மகளிடம் சொன்ன நாளிலிருந்து, அவள் அதற்குக் கைகாட்டிவிட்டுத்தான் போவாள்.

இனிச் செய்யவேண்டியது பகல் உலா. அலங்காரங்கள் ஒக்டோபர் தொடக்கத்திலேயே முற்றங்களில் முளைத்துவிடும். நல்ல வெளிச்சத்தில், தள்ளுவண்டியில் அல்லாமல் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். பிள்ளை நிற்கும் தூரத்தை அதுவே தீர்மானிக்கட்டும். பத்தடி தள்ளி நின்று பார்க்கிறதா, அன்றைக்கு அது போதும். ‘பயப்படாதே, ஒன்றுமில்லை’ என்று சொல்வதைக் காட்டிலும், ‘அது துணி. உள்ளே கம்பி இருக்கிறது. காற்று அடிக்கும்போது ஆடுகிறது’ என்று பொருளைப் பொருளாகப் பெயரிட்டுச் சொல்வது உதவுகிறது. அயலவர் அனுமதித்தால் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும். அதே வீட்டுக்கு அடுத்த நாளும் போங்கள். அசைவை உணர்ந்து சத்தமிடும் பொம்மைகள் எந்த வீடுகளில் உள்ளன என்பதை இந்த நடைகளிலேயே குறித்துக்கொண்டால், 31ஆம் திகதி அந்த வாசல்களைத் தவிர்க்கலாம்.

முகமூடிக்குத் தனிப்பயிற்சி வேண்டும். கடதாசித் தட்டு ஒன்றில் பிள்ளையின் முன்னாலேயே இரண்டு கண் துளைகளை வெட்டி, அது நிறம் தீட்டிய பிறகு, முதலில் பொம்மைக்கு வைத்துக் காட்டுங்கள். பிறகு உங்கள் முகத்தில் வைத்து உடனே எடுத்து, ‘அம்மாதான்’ என்று சொல்லுங்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் சிரிப்பு வந்துவிட்டால், ஒரு கணம் கூட வைத்திருக்கலாம். இறுதியில் தட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எடுக்கிற உரிமை தன்னிடம் இருந்தால் பயம் வெகுவாகக் குறையும். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் யார் என்ன வேடத்தில் வரப்போகிறார்கள் என்று ஆசிரியையிடம் ஒரு கிழமைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வதும் பயன்தரும்.

நான்காம் படி: வேடம்

வேடத்தை அழகுக்காக முதலில் தெரிவுசெய்துவிட்டுக் குளிருக்கு மேலே ஜக்கற் போட்டால், அழகும் போய்விடும், பிள்ளையும் அழும். ரொறன்ரோவில் அந்த மாலை பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழேதான் இருக்கும். மழையும் வரலாம், சில ஆண்டுகளில் பனித்தூறலும் வரும். ஆகவே குளிராடையிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள, தொப்பி வைத்த ஜக்கற் என்ன நிறமோ அதற்கேற்ற உருவத்தை யோசியுங்கள். சாம்பல் நிறமானால் யானை: தொப்பியின் இருபுறமும் இரண்டு கம்பளிக் காதுகள், பின்னால் ஒரு கயிற்று வால். பச்சையானால் தவளை. தையல் அதிகம் தேவையில்லை, நாலைந்து முடிச்சுகளே போதும்.

முகமூடி வேண்டாம், அது பார்வையையும் மூச்சையும் மறைக்கும். முகத்துக்குச் சாயம் பூசுவதானால் இரண்டு நாளுக்கு முன் கையின் உட்புறத்தில் சிறிது பூசி, தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். மூக்குநுனியில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாலே முயலாகிவிடும். ஆடை கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும், சப்பாத்து நாளாந்தம் போடுவதாகவே இருக்க வேண்டும், கழுத்தில் கட்டும் கயிறு எதுவும் கூடாது. மலசலகூடப் பயிற்சி நடக்கும் வயது என்பதால் ஒரே துண்டாய் உடலை மூடும் ஆடையை விடுத்து மேல், கீழ் என இரண்டாக உள்ளதைத் தேடுங்கள். பஞ்சடைத்த வேடத்தோடு பிள்ளையைக் காரின் பாதுகாப்பு இருக்கையில் கட்டாதீர்கள். மோதலின்போது பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். போய்ச் சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

வேடத்தைக் குறைந்தது மூன்று நாளாவது வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். அன்று மாலை போட மறுத்தால், வேடமில்லாமலே போங்கள். கதவைத் திறக்கும் எவரும் இரண்டு வயதுப் பிள்ளையிடம் வேடத்தைக் கணக்குக் கேட்பதில்லை.

ஐந்தாம் படி: பூசணிக்காயைத் திறத்தல் (ஒக்டோபர் 28, 29)

பிள்ளையின் சிறு காய்க்கு நிறமும் ஒட்டுப்படங்களும் போதும். அதை வெட்டவே வேண்டாம். பெரிய காயை, வெட்டியபின் சில நாட்களிலேயே சுருங்கிப் பூசணம் பிடிக்கும் என்பதால், இரண்டு மூன்று நாள் முன்னதாக மட்டுமே வெட்டுங்கள். கத்தி வேலை முழுவதும் பெரியவருடையது, பிள்ளை கையெட்டாத் தூரத்தில் இன்னொருவர் மடியில் இருக்கட்டும். மூடியை வெட்டும்போது கத்தியை உட்பக்கமாகச் சரித்துப் பிடித்தால், மூடி பிறகு உள்ளே விழாது.

மூடி திறந்த கணத்திலிருந்து காய் பிள்ளைக்கு உரியது. நிலத்தில் பழைய துணியை விரித்து, கைகளை மடித்துவிட்டு, உள்ளே கைவிட விடுங்கள். ஈரமான, குளிர்ந்த, நூல்நூலான அந்தச் சதை விரலுக்கிடையே வழுக்குவதைச் சில பிள்ளைகள் விரும்புவார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக் கையை உங்கள் சட்டையில் துடைப்பார்கள். என் மகள் முதலில் ஒரேயொரு விதையைக் கிள்ளியெடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மீண்டும் உள்ளேயே போட்டாள். அப்படிப் பத்துத் தடவை செய்த பிறகுதான் கையை முழுதாக விட்டாள். அவசரப்படுத்தாதீர்கள். கண் எங்கே, மூக்கு எங்கே என்று அதன் முகத்தைத் தொட்டுக் கேட்டு, அந்த இடத்தில் காயில் கோடு போடுங்கள். சிரிக்கும் வாயா, அழும் வாயா என்பதையும் பிள்ளையே சொல்லட்டும்.

உள்ளே வைக்கும் விளக்கைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெழுகுதிரியின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்றாக நாம் வாங்கும் சிறு மின்விளக்குகளில் பெரும்பாலும் நாணயம் போன்ற பொத்தான் பற்றரி இருக்கிறது. அதைப் பிள்ளை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்துக்குள் கடுமையாக எரித்துவிடும். பற்றரி அறை திருகாணியால் பூட்டப்பட்ட விளக்கையே வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே வாந்தியெடுக்க வைக்க முயலாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கனடாவின் நச்சுத்தடுப்பு ஆலோசனை எண் 1-844-764-7669. அதைக் கைப்பேசியில் இன்றே பதிந்துவையுங்கள். ஒளிரும் குச்சிகளைப் பிள்ளைகள் கடித்து உடைப்பதும் உண்டு. அந்தத் திரவம் வாயையும் கண்ணையும் எரிக்கும்.

விதைகளைக் கழுவி, துணியில் உலர்த்தி, எண்ணெயும் உப்பும் பிரட்டி, 160 பாகை செல்சியசில் இருபது நிமிடமளவில் வறுத்தால் பெரியவர்களுக்கு நல்ல கொறிப்பு. சிறுபிள்ளைக்கு முழு விதை கொடுக்கக் கூடாது. சமையல் பூசணியை அன்றிரவே தேங்காய்ப்பாலில் பால்கறியாக வையுங்கள்: மஞ்சளும், கொஞ்சம் வெந்தயமும், இரண்டு பல் உள்ளியும் போட்டு, மிளகாய் சேர்க்காமல், கரண்டியால் தட்டினால் உடையும் பதத்தில் இறக்கி, குழைசோற்றில் பிசைந்து கொடுங்கள். காலையில் தடவிப் பார்த்ததைப் போன்ற காயே மாலையில் தன் தட்டில் வருவதைப் பிள்ளை கவனிக்கும்.

ஆறாம் படி: 31ஆம் திகதி மாலை

மதிய நித்திரையைத் தவறவிடாதீர்கள். ரொறன்ரோவில் அன்று சூரியன் மறைவது மாலை 6.10 அளவில். 4.45க்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, 5.30க்கு வெளிக்கிட்டு, 6.15க்கு வீடு திரும்புவது இந்த வயதுக்குச் சரியான அளவு. பெரிய பிள்ளைகளும் அவர்களது பெரிய வேடங்களும் வீதியை நிறைப்பதற்குள் நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள். 2024ஆம் ஆண்டைப் போலத் தீபாவளியும் அதே நாளில் வந்தால், எண்ணெய் முழுக்கையும் கோயிலையும் காலையிலேயே முடித்து, மாலைக்கு ஒன்றை மட்டும் வையுங்கள்.

நாலைந்து வீடுகள் போதும். எல்லாம் தெரிந்த வீடுகளாக இருக்கட்டும். முதல்நாளே அவர்களிடம் சொல்லி, முகமூடி இல்லாமல் கதவைத் திறக்கக் கேளுங்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்பதும், அணைந்திருந்தால் மணியை அடிக்கக் கூடாது என்பதும் இங்குள்ள மரபு. ‘ட்ரிக் ஓ ட்ரீட்’ என்று சொல்ல வேண்டும் என்று வாசலில் நின்று வற்புறுத்தாதீர்கள்; பையை நீட்டினாலே பொருள் விளங்கிவிடும், ‘நன்றி’யை நீங்கள் சொன்னால் பிள்ளை ஒருநாள் தானாகச் சொல்லும்.

வீதியைப் பற்றி நான் கடுமையாகவே இருக்கிறேன். 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துக் கணக்குகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வொன்று, ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து, அதற்கு ஒரு கிழமை முன்னும் பின்னும் உள்ள அதே மாலைகளைவிட 43 விழுக்காடு கூடியிருந்ததைக் காட்டியது. ஆகவே வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் போய் அதே பக்கத்தால் திரும்புங்கள். வேடத்தின் முன்னும் பின்னும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டுங்கள், நீங்கள் கையில் ரோச் லைற் வைத்திருங்கள். வீட்டு முன்னால் உள்ள கார்ப்பாதையில் பின்னோக்கி வரும் கார்தான் குட்டிப் பிள்ளைக்கு மிகப் பெரிய ஆபத்து. அந்தப் பாதையைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வீட்டிலேயே பிள்ளை ‘வீட்டை போவம்’ என்றால், அங்கேயே திரும்புங்கள். பையில் இரண்டு சொக்கலேட்டுடன் வீடு வந்தாலும் அதற்கு அது நிறைவான ஹலோவீன்தான்.

வீட்டுக்கு வந்தபின் உள்ளதே இந்த வயதுப் பிள்ளைக்கு மிகவும் பிடித்த பகுதி. கதவுப்படியில் உங்கள் மடியில் அதை இருத்தி, வருகிற ஒவ்வொருவரின் பைக்குள்ளும் ஒன்றைப் போட விடுங்கள். பயங்கர வேடத்தில் வந்தவர்கூடக் குனிந்து பையை நீட்டி நன்றி சொல்லிவிட்டுப் போவதை, பாதுகாப்பான இடத்திலிருந்து அது பார்க்கும். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக, ஒட்டுப்படம், குமிழி ஊதும் குப்பி போன்றவற்றை வேறொரு கிண்ணத்தில் வைத்து, நீலப்பச்சை நிறம் பூசிய பூசணியை வாசலில் வைப்பது இப்போது பரவியுள்ள நல்ல வழக்கம். ஏழு மணியளவில் விளக்கை அணைத்துவிட்டு நித்திரைக்குத் தயாராகலாம்.

ஏழாம் படி: ரொபிப் பை

பிள்ளை நித்திரையான பிறகு பையைப் பிரித்துப் பாருங்கள். நாலு வயதுக்குள் கடினமான ரொபி, சுயிங்கம், சோளப்பொரி, கச்சான், முழுக் கொட்டைகள், ஒட்டிப்பிடிக்கும் கரமல், மார்ஷ்மலோ எதுவும் கூடாது. இவை மூச்சுக்குழாயை அடைப்பவை. உறை கிழிந்தவற்றை எறிந்துவிடுங்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2 வயதுக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரையே வேண்டாம் என்றும், அதன்பின் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தும்படியும் சொல்கிறது. இந்த இரவில் கிடைக்கும் சிறு சொக்கலேட் ஒன்றிலேயே ஏறத்தாழ 8 கிராம் இருக்கும். எங்கள் வீட்டில், மெதுவான சொக்கலேட் ஐந்தாறு மட்டும் ஒரு டப்பாவில் தங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, அதுவும் இருந்து சாப்பிடும்போது மட்டும். மீதி நானும் கணவரும் வேலைக்குக் கொண்டுபோவோம். பையின் மொத்த அளவைப் பிள்ளை பார்த்திராவிட்டால் இழப்பும் தெரியாது.

எட்டாம் படி: நவம்பர் 1

மறுநாள் காலையில் பூசணி முகத்துக்கு விடைகொடுக்க வேண்டும். ரொறன்ரோவின் மேற்குப் பகுதியிலுள்ள சொரோரன் பூங்காவில் 2004 முதல் நவம்பர் 1 மாலையில் அயலவர்கள் தங்கள் வெட்டிய பூசணிகளைக் கொண்டுவந்து பாதையோரம் அடுக்கி, கடைசியாக ஒருமுறை விளக்கேற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான முகங்கள் வரிசையாக ஒளிர்ந்த பின் அவை உரமாக்கப்படுகின்றன. வேறு பல பூங்காக்களிலும் இப்போது இது நடக்கிறது, உங்கள் அயலில் எங்கென்று கேட்டுப் பாருங்கள். இங்கே பிள்ளையைத் திடுக்கிட வைப்பவை பெரும்பாலும் இல்லை. முதல்நாள் இரவு வெளியே போக விரும்பாத பிள்ளைகளுக்கு இதையே ஹலோவீனாக வைத்துக்கொள்ளலாம்.

போக முடியாவிட்டால், விளக்கையும் மெழுகையும் எடுத்துவிட்டு, காயைப் பின்வளவில் வைத்து, நாளுக்கு நாள் என்ன ஆகிறது என்று காட்டுங்கள். அணில்கள் முதல்நாளே ஒரு காதளவு கடித்திருக்கும். பிறகு வாய் உள்வாங்கும், கண்கள் சரியும், ஒரு காலை பனி மூடியிருக்கும். என் மகள் தினமும் ஜன்னலருகே நின்று ‘பூசணித் தாத்தா’ என்று கூப்பிட்டாள். உருவம் முழுதாகக் குலைந்த நாளில் மண்வெட்டியால் குழி தோண்டி இருவருமாக மூடினோம். நவம்பரின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்புவதால், பிள்ளை அடுத்த சில நாட்கள் விடிய ஐந்து மணிக்கே எழும்பும். அதற்கு மூன்று நாள் முன்னிருந்தே நித்திரை நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடமாகத் தள்ளி வாருங்கள்.

பின்வளவில் புதைத்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். எங்கள் வளவில் அடுத்த வைகாசி கடைசியில், அந்தக் குச்சியடியில் இரண்டு தடித்த முளையிலைகள் வந்திருந்தன. விதையின் வெள்ளைத்தோல் ஒன்றின் நுனியில் இன்னும் தொப்பி போல மாட்டியிருந்தது. மகள் குந்தியிருந்து அதைக் கழற்றி என்னிடம் தந்தாள்.